பிக்கப் கேம்பர்

பிக்கப் கேம்பர் என்பது பிக்கப் எனப்படும் சிறு சுமையுந்தின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லப்படும் சிறிய வாழறை ஆகும். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, மின்கலம் ஆகியவை இதனுள் அடங்கும். வேன் அல்லது பேருந்து ஒன்றை முழுமையாக வீடாக மாற்றியமைக்கும் காரவனிலிருந்து இது வேறுபட்டது. இதில் ஓட்டுநர் அறையும் வாழறையும் தனித்தனியானவை. வண்டியின் சுமைத்தொட்டிக்குள் இறக்கி வைக்கப்படுவது செருகு கேம்பர் எனவும், தொட்டியை நீக்கிவிட்டு அமைத்த தட்டையான தளத்தின் மேல் பொருத்தப்படுவது தட்டைத்தளக் கேம்பர் எனவும் அழைக்கப்படும். இவ்விரண்டில் எது ஏற்றது என்பதை உள்வசதிகளைவிட வண்டியின் சுமைத்திறனும் செல்லும் சாலையுமே முடிவு செய்கின்றன. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையிலுள்ள வாசலூர்பட்டி போன்ற மலையூர்களுக்குச் செல்வோருக்கு இது பாதுகாப்பைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இந்தியாவில் கேம்பர் என்ற சொல் குழப்பம் தரக்கூடியது. மகிந்திரா நிறுவனத்தின் பொலேரோ கேம்பர் இரண்டு வரிசை இருக்கைகள் கொண்ட பிக்கப் வண்டியே. அதில் படுக்கையோ அடுப்போ கிடையாது.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சென்றவர்களிடையே செருகு கேம்பர் பரவியது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960 இல் ஜிஎம்சி பிக்கப் ஒன்றில் கேம்பர் ஏற்றி அந்நாட்டைச் சுற்றி வந்தார். அவ்வண்டி கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலுள்ள ஸ்டைன்பெக் மையத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவில் தட்டைத் தளம் கொண்ட பிக்கப் வண்டிகள் பண்ணை வேலைகளில் பரவலாகப் புழங்குவதால், அங்குத் தட்டைத்தள வகை எளிதில் வேரூன்றியது.

செருகு கேம்பர்

பிக்கப் தொட்டியின் உட்புறம் இரு பக்கமும் சக்கரங்களுக்கான மேடுகள் துருத்தி நிற்கும். செருகு கேம்பரின் அடிப்பகுதி அம்மேடுகளுக்கு இடையே அடங்குமாறு குறுகலாகவும், தொட்டியின் விளிம்புக்கு மேலே அகன்றும் கட்டப்படுகிறது. படுக்கை பெரும்பாலும் ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேல் நீண்டிருக்கும். நான்கு மூலைகளிலும் இழுவைத் திருகுகளால் கேம்பர் வண்டியோடு பிணைக்கப்படும்.

இதன் முதன்மையான நன்மை, வேண்டும்போது இறக்கி வைக்கலாம் என்பதே. மூலைகளிலுள்ள நான்கு ஜாக்கிகளை நீட்டிக் கேம்பரை உயர்த்திவிட்டு, வண்டியை முன்னோக்கி ஓட்டி வெளியே எடுத்துவிடலாம். மறுநாள் அதே வண்டியில் சந்தைக்குக் காய்கறி ஏற்றலாம். அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் உள்ளே நடமாடும் இடம் குறைவு. தொட்டிச் சுவருக்கும் கேம்பருக்கும் இடைப்பட்ட இடமும் பெரும்பாலும் வீணாகிறது.

தட்டைத்தளக் கேம்பர்

இதில் தொட்டி இல்லாததால் தரையின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். வாயிலைப் பின்புறத்தில் மட்டுமன்றிப் பக்கத்திலும் வைக்கலாம். தளத்திற்குக் கீழே, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருவிப் பெட்டிகளும் நீர்த்தொட்டியும் அமைக்க இடம் கிடைக்கிறது. ஆனால் தளம் சக்கரங்களுக்கு மேலே அமைய வேண்டியிருப்பதால் வாழறையின் தரை உயர்ந்துவிடுகிறது. நீர், மின்கலம் போன்ற கனமான பொருள்களைத் தளத்திற்குக் கீழே வைத்தால்தான் இந்த உயரத்தை ஓரளவு ஈடுசெய்ய முடியும்.

மேடுபள்ளமான பாதையில் வண்டியின் சட்டகம் (சேசிஸ்) முறுக்கிக்கொள்ளும். விறைப்பான பெட்டியை அதன் மேல் நேரடியாக இறுக்கிவிட்டால் பெட்டியின் மூலைகளோ சட்டகமோ விரிசல் விடும். ஆகவே கரடுமுரடான பாதைகளுக்கான வண்டிகளில் வில்சுருள் அல்லது மூன்று புள்ளித் தாங்கிகளுடன் கூடிய துணைச்சட்டகம் இடையில் வைக்கப்படுகிறது. இத்துணைச்சட்டகத்தின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடையும் ஈர்ப்பு மையமும்

கேம்பரை வெறுமையாக எடைபோட்டுத் தேர்வு செய்வது பரவலான தவறாகும். 80 லிட்டர் நீர் 80 கிலோ எடையுள்ளது. 14.2 கிலோ எரிவாயு கொண்ட வீட்டு உருளை, இரும்புக் கலனையும் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ வரும். பயணிகள், துணிமணி, உணவு அனைத்தும் வண்டியின் சுமைத்திறனிலிருந்தே கழிக்கப்பட வேண்டியவை.

எடை எங்கே விழுகிறது என்பதும் அதே அளவு முக்கியமானது. கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னோ அமைய வேண்டும். எடுத்துக்காட்டாக, அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் தொலைவுள்ள வண்டியில் 600 கிலோ கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் இருந்தால், முன் சக்கரங்களின் மீதுள்ள சுமை 60 கிலோ குறையும். அம்மையம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்குமானால், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மேலும் 30 கிலோ குறையும். திசைமாற்றி இலேசாகத் தோன்றுவது இதன் அறிகுறியாகும். ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் விதிகள், செருகு கேம்பரின் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் உற்பத்தியாளர் வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டுமென வலியுறுத்துகின்றன.

இந்திய வண்டிகள்

ஐக்கிய அமெரிக்காவில் இந்தத் தேர்வு பெரும்பாலும் விருப்பம் சார்ந்தது. இந்தியாவில் வண்டியின் வடிவமே அதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் முதலிய சரக்கு வண்டிகளில் சக்கர மேடுகள் துருத்தாத தட்டையான தளமும், திறந்து இறக்கக்கூடிய பக்கக் கதவுகளுமே உள்ளன. அவற்றில் செருகு கேம்பரின் குறுகிய அடிப்பகுதியால் பயன் ஏதுமில்லை. சக்கர மேடுகளுடன் கூடிய தொட்டி ஐசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் காணப்படுகிறது. இரட்டை அறை கொண்ட இவற்றில் தொட்டியின் நீளம் குறைவாதலால், நீளமான கேம்பரின் எடை பின் அச்சுக்குப் பின்னால் போய்விடும். கூரையை உயர்த்தி இறக்கக்கூடிய இலேசான செருகு வகையே இவற்றுக்குப் பொருந்தும்.

கொல்லிமலைச் சாலை

அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து சோளக்காடு செல்லும் மலைச்சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. செம்மேட்டையும் படகு இல்லம் உள்ள வாசலூர்பட்டியையும் இவ்வழியாக அடையலாம். ஏறும்போது வளைவுதோறும் முன் சக்கரங்களின் பிடிப்பும், இறங்கும்போது நிறுத்தியின் வெப்பமும் சோதனைக்குள்ளாகின்றன. உயரமான பெட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிப்புறமாகச் சாயும். பின்னால் நீண்ட பெட்டியின் வால்பகுதி எதிர்வரும் வண்டியின் பாதைக்குள் வீசும். கீழிறங்குகையில் தாழ்ந்த கியரில் வருவது எல்லா வண்டிகளுக்கும் உரிய விதியே என்றாலும், முழுச் சுமையை எப்போதும் சுமந்திருக்கும் கேம்பர் வண்டிக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மலை மேல் கேம்பரை இறக்கி வைத்துவிட்டு, வெறும் வண்டியில் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் சென்று வரலாம் என்பது செருகு வகைக்குச் சாதகமானது. ஆனால் சரிவான நிலத்திலும் மழையில் ஊறிய மண்ணிலும் ஜாக்கிகளை ஊன்றுவது ஆபத்தானது. கெட்டியான சமதரை கிடைக்காவிட்டால் அவ்வசதி பெயரளவிலேயே நிற்கும்.

சட்டநிலை

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றக் கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே பதிவு செய்த வண்டியின் தொட்டியை வெட்டியெடுத்துத் தளம் அமைப்பது சிக்கலானது. தளமின்றி ஓட்டுநர் அறையும் சேசிஸும் மட்டுமாக விற்கப்படும் வண்டியை வாங்கி, பதிவுக்கு முன்பே பாடி கட்டுவது வேறு வழியாகும். நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றவை. எனினும் வாழறை கட்டுவது சரக்குப் பெட்டி கட்டுவதைப் போன்றதன்று. மோட்டார் காரவன்களுக்கென ஏஐஎஸ் 124 என்னும் தனித் தரநிலை உள்ளது.