வைரத்தோடு வேண்டாம் என்ற சிறுமி

நம் சுருளிப்பட்டியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறவர்களுக்குக் குமுளி தாண்டிய பீர்மேடு தெரிந்த ஊர்தான். வானிலை விஞ்ஞானி அன்னா மணி 1918இல் அங்கே பிறந்தவர். தந்தை பொறியாளர், ஏலத்தோட்டமும் உண்டு. ஆண்களுக்குப் படிப்பு, பெண்களுக்குக் கல்யாணம் என்று இருந்த குடும்பம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு தர வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்றார் அன்னா. வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால் இதை இரண்டு தடவை படித்தேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1940இல் பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ஆராய்ந்ததோ வைரத்தையும் மாணிக்கத்தையும்! ஐந்து கட்டுரைகள் வெளிவந்தன. ஆனாலும் 1945இல் ஆய்வேட்டைக் கொடுத்தபோது, எம்.எஸ்ஸி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. ஏடு மட்டும் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. லண்டனில் வானிலைக் கருவிகள் பற்றிக் கற்று, 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, இங்கேயே செய்ய வழி செய்தார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின், நாட்டில் எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளக்கும் பணியை நடத்தினார். ஆண்டிபட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்றாலைகளைக் காட்டி, பேத்திகளுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.