சலரோகமும் உணவு நெறியும்

சலரோகம் என்றும் நீரிழிவு என்றும் நம்மவர் வழங்கும் நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆயினும், அதற்கேற்ற உணவு யாது என்னும் வினாவுக்கு விடைகாண நெடுங்காலம் சென்றது. அவ்வரலாற்றை அறிந்தோர், பட்டினி கிடந்தால் நோய் தீரும் என்றோ, ஊசி போட்டால் எதையும் உண்ணலாம் என்றோ எண்ணி ஏமாறார்.

பாரத நாட்டின் பழைய வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை, இந்நோயைப் பிறவியில் வருவது, தகாத உணவால் வருவது என இரண்டாகப் பகுத்தது. முன்னதில் நோயாளி மெலிவார், பின்னதில் பருத்திருப்பார். இன்றைய மருத்துவர் கூறும் முதலாம், இரண்டாம் வகைகளை இப்பகுப்பு நினைவூட்டுகின்றது. சரக சங்கிதை இந்நோயாளருக்கு வாற்கோதுமை உணவைச் சிறப்பித்துக் கூறும். உணவோடு நடையும் உடலுழைப்பும் வேண்டும் என்பதும் பண்டை வைத்தியர் கொள்கை.

மேனாட்டிலே, 1776ஆம் ஆண்டில் மத்தியூ டொப்சன் என்னும் ஆங்கில வைத்தியர், நோயாளியின் சிறுநீரை வற்றச் செய்து அதிற் சீனி இருத்தலைக் காட்டினார். 1797இல் ஜோன் ரொல்லோ என்னும் படை வைத்தியர், தானியத்தை விலக்கி இறைச்சியுணவை விதித்தார். 1870இல் பரிஸ் மாநகர் பகைவரின் முற்றுகைக்குட்பட்டு உணவு அருகியபோது, நோயாளர் சிலரின் சிறுநீரிற் சீனி குறைந்ததைப் பூசார்தா என்னும் வைத்தியர் கண்டார். குறைய உண்ணுதலே வழி என்னும் கொள்கை வலுப்பெற்றது.

அக்கொள்கை பின்னர் எல்லை கடந்தது. 1910களில் அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் அலன் பட்டினி மருத்துவத்தை வகுத்தார். வேறு மருந்தில்லாத அக்காலத்தில் அது சிலரின் ஆயுளை நீட்டியது உண்மையே. சிலரோ பசியாலேயே மாண்டனர். அமெரிக்க அரசியலறிஞர் சாள்ஸ் எவன்ஸ் ஹியூசின் மகள் எலிசபெத், 1919இல் தம் பதினோராம் வயதில் அலனின் நோயாளியானார். மூன்றாண்டு அரைவயிற்றுணவின்பின், 1922இல் அச்சிறுமியின் நிறை ஏறக்குறைய 45 இறாத்தலே.

இதற்கிடையில், 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அதனாற் பிழைத்தான். அவ்வாண்டு ஓகஸ்டில் எலிசபெத்தும் அதனைப் பெற்றார். மணம்புரிந்து மக்களைப் பெற்று 1981வரை வாழ்ந்தார்.

இன்சுலின் வந்தபின்னும் உணவு நெறி ஒழிந்துவிடவில்லை. அதே ரொறன்ரோவில், 1981இல் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், உணவுகளை அவை இரத்தத்திற் சீனியை ஏற்றும் விரைவு பற்றி வரிசைப்படுத்தினர். வெள்ளைப் பாண் விரைந்து ஏற்றும். கடலை, பருப்பு முதலியன மெல்ல ஏற்றும்.

இவ்வரலாறு நமது அடுக்களைக்குக் கூறுவது யாது? அளவே முதன்மை என்பதாம். குரக்கன் நன்றே, எனினும் அதுவும் மாப்பொருளே. குரக்கன் பிட்டு என்பதற்காக நீத்துப்பெட்டி நிறைய உண்ணலாகாது. கோப்பையிற் பாதி கீரையும் காய்கறியும், காற்பங்கு சோறோ பிட்டோ, எஞ்சிய காற்பங்கு பருப்பு, கடலை போன்றவை என அமைத்துக் கொள்ளுதல் நன்று.

இந்துக்களாகிய நாம் விரதம் பற்றியும் சிந்தித்தல் வேண்டும். கந்தசட்டியிலும் சிவராத்திரியிலும் உபவாசமிருக்கும் பெரியோர், இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவராயின், இரத்தத்திற் சீனி அளவுமீறிக் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே வைத்தியரை முன்னரே கேட்டு, அவர் தடுத்தால் உண்டு வழிபடுக. அதனால் பக்தி குறைந்துவிடாது. மருந்தைத் தாமே நிறுத்துதலும் ஆகாது.

இளைஞர்காள்! பெரியோருக்கு அன்பினால் இரண்டாந் தரம் பாயசம் வார்ப்பதிலும், மாலையில் அவரோடு கோயில் வீதியைச் சுற்றி நடப்பது சிறந்த தொண்டாகும்.