பாவடியிலிருந்து தொடங்கும் வளாகம்

1906ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு சேலத்தில் ஒரு நெசவுச்சாலையை நிறுவியது. அதன் பின்னால் நின்றவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர். குஞ்சம் இழுத்து நாடாவைச் செலுத்தும் விசைநாடாத் தறிகளை ஒரே கூரையின் கீழ் நிறுத்தி, நெசவாளரைக் கூலிக்கு அமர்த்தினால் உற்பத்தி கூடும், வருமானமும் உயரும் என்று அவர் கணக்கிட்டார். தறிகள் நன்றாகவே ஓடின. ஆனால் ஆட்கள் நிலைக்கவில்லை. மணி அடித்ததும் உள்ளே போய், மணி அடித்ததும் வெளியே வரும் ஒழுங்கு அவர்களுக்குப் பொருந்தவில்லை. வீட்டில் மனைவி தார் சுற்றுவார், முதியவர் அறுந்த இழையைப் பிணைப்பார். நெசவுச்சாலைக்குள் நெய்பவருக்கு மட்டுமே இடம் இருந்தது. அரசே தொழில் நடத்தக்கூடாது என்ற லண்டனின் கொள்கையும் சேர்ந்துகொள்ள, 1910ஐ ஒட்டி அந்த முயற்சி முடிவுக்கு வந்தது.

நூறாண்டு கடந்தும், கைத்தறிக்கு வளாகம் அமைக்க வரைபடம் விரிக்கும்போது முதலில் வரையப்படுவது தறிக்கூடமாகவே இருக்கிறது. இத்தனை தறி, இத்தனை சதுர அடி, ஒரு நுழைவாயில், ஒரு விற்பனைக்கூடம். இந்த வரிசையே தவறு என்பது என் உறுதியான கருத்து. தறி வீட்டில் இருக்கட்டும். தறிக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகளுக்கே வளாகம் வேண்டும். காஞ்சிபுரத்தை வைத்து இதைச் சொல்கிறேன்.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் அமர்ந்தவர் தனியே எல்லாவற்றையும் செலுத்த முடியாது. பக்கத்தில் ஒரு துணை ஆள் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கித் தர வேண்டும். அந்தத் துணை பெரும்பாலும் வீட்டு மனிதர்தான். சமையலுக்கு நடுவே வந்து அமர்பவரும், சாயங்காலம் வேறு வேலை முடித்துத் திரும்புபவரும் உண்டு. தறியை ஊருக்கு வெளியே உள்ள கூடத்துக்குக் கொண்டுபோனால் இந்தத் துணை அறுந்துவிடும். துணைக்குத் தனிக்கூலி கொடுக்க வேண்டிய நிலை வந்தால் கோர்வையை விட்டு எளிய கரைக்குத் தாவுவதே நெசவாளருக்குக் கட்டுப்படியாகும். கட்டடத்தின் அமைப்பே ஒரு நுட்பத்தைக் கொன்றுவிடும் என்று நான் அஞ்சுவது இதனால்தான்.

வீட்டுக்குள் அடங்காதது பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். மூன்று சேலைக்குப் பாவு போடுவது காஞ்சியில் வழக்கம். ஒரு சேலை ரவிக்கைத் துணியோடு 6 மீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்தால், பாவின் நீளம் 18 மீட்டரைத் தாண்டும். அதை விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து, காயவிட்டுச் சுற்றுவதற்கு நேரான, நீண்ட, நிழலுள்ள இடம் வேண்டும். சேலத்திலும் கொங்கு நாட்டு ஊர்களிலும் இதற்கென்றே பாவடி என்னும் பொது இடம் ஒதுக்கினார்கள். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தெருவே பாவடி. வெயில் ஏறுமுன் விடிகாலையில் தெரு நெடுக நிறம் நிறமாய்ப் பட்டு நீண்டு கிடக்க, அக்கம்பக்கத்தார் கைகொடுப்பார்கள். இப்போது அதே தெருவில் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் ஓடுகின்றன. பாவு விரிக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

ஆகவே வளாகத்தின் நடுவே முதலில் பாவடியைக் கட்ட வேண்டும். 30 மீட்டர் நீளமாவது தேவை. பாவின் இரு முனைகளிலும் ஆட்கள் நின்று இழுத்துப் பிடிக்கவும், சுற்றி நடக்கவும் இடம் வேண்டும் அல்லவா? வடக்கு தெற்காக அமைத்தால் கிழக்கே நிற்கும் சுவரின் நிழல் காலைநேரம் முழுதும் துணை செய்யும். பிசின் வடிக்கும் மரமும் பூ உதிர்க்கும் மரமும் அருகில் கூடாது. ஈரக் கஞ்சியில் ஒட்டிய பூவிதழ் பட்டில் கறையாக நிற்கும். ஒரு பகுதிக்கு உயரமான கூரை அவசியம், பக்கங்கள் திறந்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளித் தேவையும் ஒரே பருவத்தில் வருகின்றன. சேலை கேட்டுக் கடைகள் நெருக்கும் ஐப்பசியில்தான் பாவு விரிக்க முடியாமல் தறிகள் காத்துக்கிடக்கின்றன. அந்த நாட்களை மீட்பது எந்த மானியத்தையும் விடப் பெரிய உதவி.

மழையின் இன்னொரு கொடுமை குழி. காஞ்சியில் பெரும்பாலானவை குழித்தறிகள். நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிக்கிறார். கனமழையில் குழிக்குள் நீர் ஊறினால் வேலை நிற்கும், கட்டை உப்பும், பாவே கெடும். வளாகத்தை ஒட்டித் தறியோடு கூடிய வீடுகள் கட்டுவதானால் வீட்டின் தரை தெருவை விடத் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும். குழியின் அடியும் நான்கு பக்கமும் நீர் கசியாதபடி பூசப்பட வேண்டும். ஜக்கார்டு பெட்டியும் அதன் அட்டைகளும் தறிக்கு மேலே நிற்பதால் கூரை 12 அடிக்குக் குறையக்கூடாது. வெளிச்சம் வடக்கிலிருந்து வரட்டும். நேர்வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும், ஜரிகையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சி நெசவாளர் வீடு ஒன்றை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். வாழ்விடமும் தறியிடமும் ஒன்றையொன்று நெருக்காமல் எப்படி அடுத்தடுத்து இருந்தன என்று பார்க்க விரும்பும் கட்டடக்கலைஞர் அங்கே அரைநாள் செலவிடலாம். முட்டி மடக்க முடியாத மூத்த நெசவாளர்களுக்குக் குழியில்லாமல் உயர்த்தி அமைத்த தறிகள் சிலவும் வேண்டும்.

சாயச்சாலையை வளாகத்தின் ஓரத்தில், காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்புறமாக வைக்க வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு பசை. அதைச் சோப்புநீரில் கொதிக்கவைத்து நீக்கிய பிறகே சாயம் ஏறும். அந்தக் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை எழுதாமல் அடிக்கல் நாட்டக்கூடாது. திருப்பூரின் சாயக்கழிவைச் சுமந்த நொய்யல் ஆற்றின் கதி நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஒரு நகரமே திகைத்து நின்றது. வீட்டுக்கு வீடு தொட்டி வைத்துச் சாயம் போட்டால் காஞ்சியின் வேகவதி ஆறுதான் கழிவைச் சுமக்க வேண்டியிருக்கும். பொதுச் சாயச்சாலையும் அதோடு இணைந்த சுத்திகரிப்பும் இருந்தால், சாயக்காரர் நச்சுப்புகையில் நிற்கும் நேரமும் குறையும்.

வரைபடக்காரர்கள் எளிதில் விட்டுவிடும் ஓர் அறை பட்டு இருப்பறை. நெசவாளருக்குப் பட்டை எடைபோட்டுக் கொடுக்கிறார்கள், சேலையையும் எடைபோட்டு வாங்குகிறார்கள். பட்டோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இழை. வணிகத்தில் 11 விழுக்காடு ஈரம் இயல்பு என்று கொள்ளப்படுகிறது. மழைநாளில் கொடுத்த பட்டு, கோடையில் சேலையாகத் திரும்பும்போது எடை குறைந்திருந்தால் பழி நெசவாளர் தலையில் விழும். ஈரப்பதம் ஒரே நிலையில் இருக்கும் அறையும், அதற்குள்ளேயே இரு தரப்பும் பார்க்கும்படி ஒரு தராசும் இருந்தால் எத்தனையோ மனக்கசப்புகள் எழவே எழாது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதிக்கும் கருவியும் அங்கேயே இருக்கட்டும். காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெயருக்குச் சான்று சோதனைதான்.

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் உள்ளனர். பத்தில் ஏழு பேர் பெண்கள். தார் சுற்றுவோருக்குக் காற்றோட்டமான கூடம், அதையொட்டிக் குழந்தைகள் காப்பகம், கழிப்பறை ஆகியவை முதற்கட்டத்திலேயே எழ வேண்டும். விற்பனைக்கூடம் கடைசியில் வந்தாலும் குறையில்லை. காஞ்சியின் காந்தி ரோட்டில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

வளாகத்தை யார் நடத்துவது? சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழன் காலச் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டுக் கச்சிப்பேட்டில், அதாவது இன்றைய காஞ்சிபுரத்தில், நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொருளை நிர்வகிக்கும் பொறுப்பு இருந்ததைச் சொல்கிறது. கோயில் கணக்கையே பார்த்த மரபினர் பாவடிக்கு முறைவைக்கவும், சாயத்துக்கு நாள் குறிக்கவும், தராசைச் சரிபார்க்கவும் தகுதியற்றவர்களாக ஆகிவிடவில்லை. நெய்பவர், சாயமிடுபவர், தார் சுற்றுபவர் ஆகிய மூன்று தரப்பும் அமரும் குழுவிடம், பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கி, நிர்வாகத்தை ஒப்படைக்க வேண்டும். பாவடி நிலத்தை எக்காலத்திலும் விற்கவோ, குத்தகைக்கு விடவோ, வண்டி நிறுத்தமாக மாற்றவோ கூடாது என்ற நிபந்தனையைக் கட்டடம் எழும்புமுன்பே பத்திரத்தில் பதிவு செய்ய வேண்டும்.