அணிசேராக் கொள்கையும் ஒப்பாரிக் கோச்சியும்

அண்மையில் ஹட்டன் பகுதியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவி ஒருவர், இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை பற்றித் தாம் எழுதிய கட்டுரையைப் பார்த்துத் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தார். 1962ஆம் ஆண்டின் கொழும்பு மாநாடு, 1971இல் நிறைவேறிய இந்து சமுத்திரச் சமாதான வலயத் தீர்மானம், 1976இன் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு என எல்லாம் ஒழுங்காக இருந்தன. 1964 ஒக்டோபர் 30 மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது மலையக மக்களின் பிரச்சினை என்ற அத்தியாயத்தில் வருகிறது, சேர்" என்றார்.

அது அவருடைய பிழையன்று. பேராதனையில் நான் படித்த காலத்திலும் அப்படித்தான் படித்தேன். அணிசேராக் கொள்கை பற்றி நான் எழுதிய பரீட்சை விடைக்கு நல்ல புள்ளிகளே கிடைத்தன. அந்த விடையில் என் சித்தப்பா இல்லை. அவர் ஏன் இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலானோர் அதன்மூலம் பிரஜாவுரிமையை இழந்தனர். சரியாக 25 நாட்களின் பின்னர், டிசெம்பர் 10ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவத்துக்கு உரிமையுண்டு என்று அதன் 15ஆம் உறுப்புரை கூறுகிறது. 1955 டிசெம்பரில் இலங்கை அச்சபையில் அங்கத்துவம் பெற்றபோது, அவ்வுரிமையற்ற இலட்சக்கணக்கானோர் அதன் மலைகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அக்காலத்தில் ஈட்டித் தந்தது தேயிலையே. இறக்குமதி அரிசிக்கும் வெளிநாடுகளில் தூதரகங்களை நடத்துவதற்கும் வேண்டிய அந்நியச் செலாவணி பெருமளவில் இங்கிருந்தே சென்றது.

ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் இராஜதந்திரப் பணியை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். 1962இல் இந்தியாவும் சீனாவும் எல்லையில் போரிட்டபோது, அவ்வாண்டு டிசெம்பரில் பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய நாடுகளைக் கொழும்புக்கு அழைத்து, இலங்கையுடன் ஆறு நாடுகளாக ஒரு சமரச யோசனையை வகுத்து, அதனை எடுத்துக்கொண்டு பீக்கிங்குக்கும் புதுடில்லிக்கும் நேரில் சென்றவர் அவர். யோசனை முழுப்பலன் தரவில்லை. ஆயினும் இரு பெரிய அயலவருக்கிடையில் ஒரு சிறிய தீவு துணிந்து நின்று பேசியது என்பது வரலாறு.

அந்தத் துணிவினால் ஈட்டிய நன்மதிப்பு எங்கே செலவாயிற்று என்பதுதான் கேள்வி. சீனாவுடனான போரில் அடிபட்ட இந்தியாவுக்கு நட்பான அயல்நாடுகள் அவசியமாயின. இங்கு பரம்பரையாக வாழ்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பே என்ற நிலைப்பாட்டில் நின்ற நேரு 1964 மே மாதத்தில் காலமானார். அடுத்து வந்த லால் பகதூர் சாஸ்திரி சிக்கலைத் தீர்த்துவிட விரும்பினார். அவ்வாண்டு ஒக்டோபர் முற்பகுதியில் கெய்ரோவில் அணிசேரா நாடுகளின் இரண்டாவது உச்சிமாநாடு நடைபெற்றது. அம்மாதம் முடிவதற்குள் புதுடில்லியில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

கணக்கு இவ்வாறு இருந்தது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். எல்லாம் 15 ஆண்டுகளுள் நிறைவேற வேண்டும். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இங்கே நால்வருக்குப் பிரஜாவுரிமை என்ற விகிதமும் அதில் அடங்கியிருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமானோ, அப்துல் அஸீஸோ, இம்மக்களின் வேறெந்தப் பிரதிநிதியோ அப்பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். மூன்று இலட்சம் பேரைத் தன் மக்களென்று ஏற்க இலங்கை எழுத்தில் உடன்பட்டது அதுவே முதற்றடவை. அவர்களின் உரிமையைப் பறித்தது ஸ்ரீமாவோவும் அல்லர், அது டி.எஸ்.சேனநாயக்கவின் அரசாங்கம். ஆனால் மக்கள் எதனை விரும்பினார்கள் என்பது விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது தெரியவந்தது. இந்தியக் குடியுரிமை கோரியவர்களின் தொகை 5,25,000ஐ எட்டவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கோரியவர்களோ, அதற்கென ஒதுக்கப்பட்ட 3,00,000ஐப் போல் ஏறத்தாழ இருமடங்கினர். மேசையில் எழுதிய விகிதத்தை மலை ஏற்கவில்லை.

என் அப்பாயி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தவர். சித்தியின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. எனவே சித்தப்பாவும் அவர்களுடன் போக வேண்டியதாயிற்று. 1979இல், எனக்கு எட்டு வயது. ஹட்டன் புகையிரத நிலையத்துக்கு லயமே திரண்டு வந்திருந்தது. தகரப் பெட்டிகள், சாக்கு மூட்டைகள், தோட்டத்து மண்ணைச் சிறு முடிச்சாகக் கட்டி வைத்திருந்த ஒரு கிழவர். வழியனுப்ப வந்தவர்களும் வண்டிக்குள் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மலையகத்தில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அப்பாயி அழவில்லை. "போய்ச் சேந்ததும் கடுதாசி போடுப்பா" என்று மட்டும் சொன்னார். பொல்காவலையில் வண்டி மாறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து அவர்கள் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடைதான். 1984இல் கப்பல் சேவை நின்றது. அப்பாயி தம் மகனை அதன்பின் காணவேயில்லை.

இந்தக் கோச்சிகள் ஓடிய அதே காலத்தில்தான் இலங்கையின் பெயர் உலகில் உயர்ந்து நின்றது. 1971 டிசெம்பர் 16ஆம் திகதி, இலங்கை முன்னின்று கொண்டுவந்த இந்து சமுத்திரச் சமாதான வலயத் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 61 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து எவரும் வாக்களிக்கவில்லை. 55 நாடுகள் வாக்களிப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கின. வல்லரசுகளின் போர்க்கப்பல்களும் தளங்களும் இச்சமுத்திரத்தில் வேண்டாம் என்பது அதன் சாரம். நல்ல நோக்கந்தான். அச்சமுத்திரத்தின் ஒரு சிறு கால்வாயைத்தான் எங்கள் மக்கள் கண்ணீருடன் கடந்துகொண்டிருந்தார்கள்.

1974 ஜனவரியில் ஸ்ரீமாவோவும் இந்திரா காந்தியும் எஞ்சிய 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். அக்காலத்தில் அரிசி, மா தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1976 ஓகஸ்டில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் அணிசேரா உலகத்தின் தலைவர்கள் கூடினர். இந்திரா வந்தார், டிட்டோ வந்தார். ஒன்பது மாதங்களின் பின், 1977 மே மாதத்தில், டெவன் தோட்டத்தில் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள்மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். இவை வெவ்வேறு நாடுகளின் செய்திகள் அல்ல. ஒரே அரசாங்கத்தின் காலத்தில் நடந்தவை.

இங்கே தங்கியவர்களின் வழக்கு எப்படி முடிந்தது? 1988இல் ஒரு சட்டமும், 2003இல் இன்னொரு சட்டமும் நிறைவேற்றப்பட்ட பின்னரே நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வந்தது. 1948இலிருந்து 55 ஆண்டுகள். என் தந்தை பதிவுப் பிரஜை. இளமையில் ஓர் அலுவலகத்தில் என் பிறப்புச் சான்றிதழ் போதாதென்று, அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அது பிளாஸ்டிக் உறையில், வீட்டுச் சாமிப் படத்தின் பின்னால் இருந்தது. நகை வைக்கும் இடத்தில் நாங்கள் அந்தக் கடதாசியைத்தான் வைத்திருந்தோம்.

தேயிலை இன்றும் இராஜதந்திர மேசையில் இருக்கிறது. ஈரானுக்குச் செலுத்தவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலை கொடுத்துத் தீர்க்க 2021 டிசெம்பரில் உடன்பாடு காணப்பட்டது. அதனைப் பறிப்பவர்களின் காணி, வீடு, நாட்சம்பளம் பற்றிய பேச்சு மட்டும் எப்போதும் வேறொரு அத்தியாயத்துக்கே போய்விடுகிறது.

அந்த மாணவிக்கு நான் எழுதியது இதுதான். பாதுகாப்பு என்பதை இரு அரசுகளுக்கிடையிலான விடயமாக மட்டும் எடுத்துக்கொண்டால் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு வெற்றி. எல்லையில் ஒரு வேட்டும் தீர்க்கப்படவில்லை, இரு பிரதமர்களும் புன்னகையுடன் எழுந்தார்கள். யாருடைய வாழ்க்கை பேசப்பட்டதோ அவர்களின் பாதுகாப்பைக் கேட்டால் விடை வேறு. ஆகவே மகளே, கட்டுரையில் 1962க்கும் 1971க்கும் நடுவில் 1964ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது அடிக்குறிப்பாக வேண்டாம். அதே எழுத்தளவில், அதே அத்தியாயத்தில் இருக்கட்டும்.

திருத்திய கட்டுரை நேற்று வந்து சேர்ந்தது. புதிய பந்தியின் முதல் வரியில், தம் பாட்டியின் தங்கை கோத்தகிரியில் இருப்பதாகவும், இருவரும் தொலைபேசியில் மட்டுமே பேசியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அதனை நான் திருத்தவில்லை.