அளவு சரிபார்த்தவர்

அதியமான்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலம் அதிகம். கேழ்வரகோ சாமையோ விதைக்குமுன் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் இப்போது கைபேசியில் மேகப்படத்தையும் பார்க்கிறார்கள். அந்தப் படத்தை எதை வைத்து நம்புகிறோம் என்று தேடப்போய்த்தான் நான் அன்னா மணியிடம் வந்து சேர்ந்தேன்.

வானிலைக்கென்றே இஸ்ரோ செய்த முதல் செயற்கைக்கோள் மெட்சாட். 2002 செப்டம்பர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி, பூமி உமிழும் வெப்பம், காற்றிலுள்ள நீராவி மூன்றையும் அதிலிருந்த கதிர்வீச்சுமானி அளந்தது. இத்தகைய கருவியை ஏவுமுன் காற்று நீக்கிய குளிர் அறைக்குள் வைத்து, வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பரப்பைப் பார்க்கச் செய்வார்கள். கருவி காட்டுவதற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்வார்கள். 36,000 கி.மீ. உயரம் போனபின் கழற்றிப் பார்க்க வழியில்லை.

இந்தப் பிடிவாதம் செயற்கைக்கோளுக்கு முன்பே இங்கு வேர்விட்டது. அதற்குத் தன் பணிக்காலத்தையே கொடுத்தவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களை ஆராய்ந்து, தன் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி, சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது.

இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று திரும்பி, 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார். 1963இல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொள்ள, தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வுக்கூடமும் கருவிக் கோபுரமும் அமைத்தார். தவறாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை. 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். 2001 ஆகஸ்டில் மறைந்தார். மெட்சாட் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

2003 பிப்ரவரியில் மெட்சாட்டுக்கு, கொலம்பியா விபத்தில் இறந்த கல்பனா சாவ்லாவின் பெயர் சூட்டப்பட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் விண்ணுக்குப் போன பெண்ணை அறிந்த என் மாணவிகளில் பலருக்கு, தரையில் நின்று அளவைச் சரிபார்த்த பெண்ணைத் தெரியவில்லை. எங்கள் பக்கம் அதியமானைச் சொன்னால் ஔவையையும் சொல்வார்கள். பாடியவர் பெயர் பாட்டோடு நிற்கிறது. கருவியைச் சரிசெய்தவர் பெயரோ, அளவு சரியாக இருக்கும் வரை யாருக்கும் தேவைப்படுவதில்லை.

அவருடைய ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற ஆய்வேடுகளுக்கு நடுவே இருக்கிறது. என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.