தணிய எத்தனை நாள்? - சூதாட்டத்தை விட்டவர்களின் முதல் வாரங்கள்

முருகனின் ஆறு படைவீடுகளில் திருத்தணிக்கு ஒரு வித்தியாசம் உண்டு. கந்த சஷ்டி வந்தால் திருச்செந்தூர் கடற்கரை முழுக்க ஜனம். சூரசம்ஹாரம் பார்க்க அத்தனை கூட்டம். மற்ற பல முருகன் கோயில்களிலும் அன்று சூரனை வதைப்பார்கள். திருத்தணியில் மட்டும் அது கிடையாது. அங்கே பூக்களால் அர்ச்சனைதான். சூரனோடும், பிறகு வள்ளிக்காக வேடர்களோடும் போரிட்ட முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் இது என்கிறது தலபுராணம். தணிந்த இடம் என்பதால் தணிகை.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஜெயித்த ஊர் வேறு, தணிந்த ஊர் வேறு. ஜெயித்த அன்றே எல்லாம் அடங்கிவிடவில்லை!

சூதாட்டத்தை விடுபவர்களின் கதையும் இதேதான். "இனிமேல் தொடமாட்டேன்" என்பது ஒரு நாள் முடிவு. அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்கள் இருக்கின்றனவே, அவைதான் பெரிய பாடு. தமிழ்நாட்டில் சூதாட்டத்தை ஒழிக்கச் சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் விட்டவன் எப்படித் தணிவது என்பதை அந்தந்த வீடுகளே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கடையை மூடுவது சுலபம்

தமிழ்நாட்டு அரசு பரிசுச்சீட்டுத் திட்டம் 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் இன்றும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பக்கத்துக் கேரளா 1967-லேயே லாட்டரியைத் தொடங்கியிருந்தது. அரசாங்கத்துக்கு வரி போடாமலே வருமானம், ஜனங்களுக்கு ஒரு ரூபாயில் ஒரு கனவு. யாருக்கும் நஷ்டமில்லை போலத்தான் தெரிந்தது.

பின்னாளில் சிக்கிம், பூட்டான், நாகாலாந்து என்று எங்கெங்கோ அச்சடித்த சீட்டுகள் நம்மூர் பஸ் ஸ்டாண்டுகளில் தொங்கின. சுரண்டல் லாட்டரி வந்தது (பெயரே எவ்வளவு பொருத்தம்!). 2000-களின் தொடக்கத்தில் ஆன்லைன் லாட்டரியும் வந்தது. மாதம் ஒரு குலுக்கல் என்பது போய், நாளுக்குப் பல குலுக்கல் ஆனது. இங்கேதான் கனவு வியாதியாக மாறியது. முடிவுக்காக ஒரு மாதம் காத்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் அடுத்த சீட்டு கையில் இருந்தால் யோசிக்க ஏது நேரம்?

1998-ல் மத்திய அரசின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் மற்ற மாநில லாட்டரிகளைத் தடை செய்யலாம் என்று அதில் வழி இருந்தது. ஆனால் தன் லாட்டரியை மட்டும் வைத்துக்கொண்டு பிறரதைத் தடுக்க முடியாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு சொந்தச் சீட்டையும் சேர்த்து எல்லா லாட்டரியையும் ஒரே அடியாகத் தடை செய்தது. கடைகள் ஒரே நாளில் மூடின.

கடை மூடியது, சரி. தினமும் அங்கே போய் நின்றவன் அடுத்த நாள் எங்கே போனான்? சிலர் நிஜமாகவே தப்பித்தார்கள். சிலர் தேடினார்கள். தேடியவர்களுக்குக் கிடைத்தது "மூணு நம்பர்" லாட்டரி. துண்டுச் சீட்டில் மூன்று இலக்கம் எழுதிக்கொடுத்து, கேரளக் குலுக்கல் முடிவைப் பார்த்துப் பணம் கொடுக்கும் கள்ள வியாபாரம். தடை வந்து 16 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில், விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம் இந்தக் கள்ள லாட்டரிக் கடனில் அழிந்தது. மூன்று குழந்தைகள் உட்பட ஐந்து பேர். சட்டப் புத்தகத்தில் லாட்டரி 2003-லேயே செத்துப்போயிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தப் பக்கம் குற்றமில்லை, அந்தப் பக்கம் குற்றம்

இப்போது மறுபடி திருத்தணிக்கு வருவோம். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது திருத்தணி ஆந்திராவோடு போயிருந்தது. ம.பொ.சி. முதலானோர் போராடினார்கள். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இன்றும் திருத்தணியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நகரி, ஆந்திரா. கடைப் பலகைகளில் எழுத்து மாறும். பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே இருக்கும்.

இந்த எல்லைக்கோடு சூதாட்டச் சட்டத்தில் என்ன வேடிக்கை செய்தது தெரியுமா?

2020 செப்டம்பரில் ஆந்திர அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. அந்த இரண்டு மாதம் நகரியில் குற்றம், திருத்தணியில் இல்லை. நவம்பரில் தமிழ்நாடும் அவசரச் சட்டம் போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. மறுபடியும் நகரியில் குற்றம், திருத்தணியில் இல்லை! 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். புதிய சட்டம் ஆளுநரிடம் போய், திரும்பி வந்து, சட்டமன்றத்தில் மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று மாநிலம் விதி கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யச் சட்டம் இயற்றியது.

திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு பழையது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது, அதுவும் ஆந்திர அரசு தொடுத்த ஒரு வழக்கில். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-ல் சட்டம் போட, அதுவும் திறமைதான் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது.

நீதிபதிகளுக்கு இந்தப் பாகுபாடு தேவைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது திறமையா அதிர்ஷ்டமா என்பது பொருட்டே இல்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வள்ளுவர் பார்த்ததும் டாக்டர்கள் பார்த்ததும்

இந்த "விட்டதைப் பிடிப்பது" பற்றி நம்மில் வெகுகாலம் முன்பே எழுதியவர் யார் என்றால், வள்ளுவர். 94-வது அதிகாரம் 'சூது'. அதில் ஒரு குறளில், கிடைக்கும் சிறு வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார். அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கூர்மை. இழக்க இழக்கத்தான் சூதின் மேல் ஆசை கூடுகிறது என்கிறார். தோற்றால் வெறுப்பு வரும் என்பதுதான் எல்லோரும் நினைப்பது. வள்ளுவர் நேர்மாறாகச் சொன்னார்.

மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொள்ள வெகுகாலம் ஆனது. 1957 செப்டம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சூதாடிகள் சிலர் தாங்களே கூடி 'கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1972-ல் ராபர்ட் கஸ்டர் என்ற மனநல மருத்துவர் ஒஹையோ மாநிலத்தில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனையில் சூதாடிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-ல்தான் மது, போதைப் பொருள் இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒன்பது அறிகுறிகளில் ஒன்று, விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பி வருவது. வள்ளுவர் சொன்ன அதே விஷயம்!

இன்னொரு அறிகுறி, குறைக்கவோ நிறுத்தவோ முயலும்போது வரும் படபடப்பும் எரிச்சலும். முதல் வாரங்களின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. குடியை நிறுத்தினால் கை நடுங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சூதை நிறுத்தினாலும் உடம்பு கேட்கும் என்று பலருக்குத் தெரியாது. தூக்கம் வராது, தலைவலிக்கும், பசிக்காது, சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். வீட்டில் இருப்பவர்களோ, "தப்பும் பண்ணிட்டு எங்க மேலேயே எரிஞ்சு விழறியா?" என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். ஆனால் அது திமிர் அல்ல, இன்னும் தணியவில்லை என்பதன் அடையாளம்.

அன்னா செய்த காரியம்

முதல் வாரங்களில் என்ன செய்தால் பலன் கிடைக்கும்? இதற்கு ஒரு நல்ல உதாரணம் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி. ஜெர்மன் நகரங்களின் சூதாட்ட மண்டபங்களில் பல ஆண்டுகள் பணத்தைத் தொலைத்தவர். 1866-ல் கடன் நெருக்கடியில் 'சூதாடி' என்ற நாவலையே சில வாரங்களில் சொல்லச் சொல்ல எழுத வைத்து முடித்தார். எழுதிக்கொடுத்த அன்னாவையே மறு ஆண்டு மணந்தார். சூதைப் பற்றி நாவலே எழுதியவர் அதோடு விட்டாரா? இல்லை! மனைவியின் நகை, துணி எல்லாம் அடகுக்குப் போயின. ஒவ்வொரு தடவையும் இதுவே கடைசி என்று கடிதம் எழுதினார்.

1871 ஏப்ரலில் வீஸ்பாடனில் தோற்றபோதும் அப்படித்தான் எழுதினார். இந்தத் தடவை அது உண்மையாகவே கடைசியாக இருந்தது. ஜெர்மனியில் அந்த மண்டபங்களை அரசு மூடியது 1872 முடிவில். அதாவது, கடை திறந்திருக்கும்போதே அவர் விட்டுவிட்டார். அதே ஆண்டு குடும்பம் ரஷ்யா திரும்பியது. கடன்காரர்களோடு பேசுவதை அன்னா தன் கையில் எடுத்துக்கொண்டார். புத்தகங்களைத் தாங்களே பதிப்பித்து விற்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தார். எல்லாம் அடைபடப் பல ஆண்டுகள் ஆயின.

கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழக்கமும் கிட்டத்தட்ட இதுதான். முதலில் கடன் முழுவதையும் ஒன்று விடாமல் எழுத வேண்டும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், மறைத்து வைத்த பொறுப்புகளையெல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் கொண்டுவர வேண்டும். சூதாடியின் மனக்கணக்கில் ஜெயித்தது மட்டும் வரவில் இருக்கும், தோற்றது எங்கும் பதிவாகாது. காகிதத்தில் எழுதியவுடன் அந்தக் கணக்கு உடைகிறது. பிறகு பணத்தைக் கொஞ்ச காலம் வீட்டில் வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். சம்பள நாள்தான் ஆபத்தான நாள். மூன்றாவது விஷயம்தான் நம் வீடுகளில் யாரும் ஏற்காதது. அப்பா நிலத்தை விற்று ஒரே தடவையில் கடனை அடைக்கக்கூடாது! சுமை ஒரே நாளில் இறங்கிவிட்டால், மறுபடி கடன் வாங்க வழி திறந்துவிடுகிறது. மாதாமாதம், அவரவர் உழைப்பில், சிறு தொகையாக அடைப்பதே மருந்து.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடன் முழுவதும் வெளியே தெரியவரும் அந்த நாட்களில் உயிரை விடும் எண்ணம் வரலாம். சந்துரு குழுவில், தற்கொலைத் தடுப்புக்காக 1986-ல் சென்னையில் 'சினேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இடம்பெற்றது இதனால்தான் பொருத்தமானது. 2022 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இயங்குகிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். அப்படி ஒரு வீட்டில் முதல் வாரம் யாரும் திட்டக்கூட வேண்டாம். தனியாக விடாமல் இருந்தாலே போதும்.

மறுபடி மலைப்படி

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாட்களுக்கு ஒன்று என்று சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று அங்கே படித்திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறுவார்கள். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் புத்தாண்டு பிறந்தால் துரைமார் வீட்டுக்கு மாலை, பழத்தோடு வாழ்த்துச் சொல்லப் போவது வழக்கம். அதை மாற்ற நினைத்த வள்ளிமலை சுவாமிகள் "அங்கே போகாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அதே நாளில் போக இன்னொரு இடத்தைக் காட்டினார்.

சூதை விட்டவனுக்கும் தேவை அதுதான். காலியாகக் கிடக்கும் அந்த ராத்திரி நேரத்துக்கு இன்னொரு இடம், இன்னொரு வேலை, கூட ஒரு ஆள். 1974-லும் 2003-லும் 2025-லும் சட்டம் "போகாதே" என்றது. அது தேவைதான், கடை இல்லாவிட்டால் பாதிச் சபலம் இல்லை. மீதிப் பாதியை வீடும் நண்பர்களும் மருத்துவரும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும்.

365 படியையும் ஒரே தாவலில் யாரும் ஏறுவதில்லை. முதல் இருபது முப்பது படியில்தான் மூச்சு வாங்கும். அங்கே கூட ஒருவர் இருந்தால், பெரும்பாலும் ஏறிவிடலாம்.