மதிலுக்கு உள்ளே

சத்துவாச்சாரிக்காரர்களான எங்களுக்கு ஞாயிறு என்றால் வேலூர்க் கோட்டைதான். 2020 மார்ச் 17-ல் மத்தியத் தொல்லியல் துறை தன் நினைவுச் சின்னங்களை மூடியது. 25-ல் நாடே அடங்கியது. லேப்டாப்பில் வேலை, மொட்டை மாடியில் நடை. "கோட்டைக்கு எப்பப்பா போவோம்?" என்று மகள் தினமும் கேட்பாள்.

அப்போதுதான் உறைத்தது. நாம் காற்று வாங்கப் போன இடத்தில் ஒரு குடும்பம் அடைபட்டுக் கிடந்தது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816-ல் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்தார்கள். 1832-ல் இறக்கும்வரை கைதி. பதினாறு வருடம். அந்த வீட்டுப் பிள்ளைகள் என் மகளின் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கலாம்: "வெளியே எப்பப்பா போவோம்?"

எங்களுக்கு ஊரடங்கு தளர்ந்தது. கோட்டை திறந்ததும் போனோம். மகள் புல்வெளியில் ஓடினாள். அந்த மதில் எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.